பின்மூடி

பயர் இன்சூரன்சைப் புதுப்பிக்க வந்த ஏஜெண்ட் பாலகோபால்தான் கடிகாரப் பேச்சை எடுத்தார்.

நரசிம்மலு நாயுடுவின் பவுண்டரி பீளமேட்டில் வீட்டுக்குப் பின்புறமே இருந்தது. பம்புக்கு உருப்படிகள் வார்த்துக் கடைந்து கொடுப்பார்கள். ஏஜெண்ட் வருடத்துக்கொரு முறை வருவார். கொட்டகையையும் இயந்திரங்களையும் சுற்றிப் பார்த்து எழுதிக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். இந்த ஆவணியில் வந்தபோது புதிதாக ஒரு ஜெர்மன் லேத்து நின்றது. தை மாதம் மகன் சீனிவாசலு பம்பாய்க்குப் போய் வாங்கி ரயிலில் ஏற்றி அனுப்பியது.

ஏஜெண்ட் லேத்தின் விலையைக் கேட்டார். நரசிம்மலு சொன்னார். ஏஜெண்ட் எழுதவில்லை. சிங்காநல்லூரில் ஒருவரிடம் இதே லேத்து இருப்பதாகவும், அதற்கு இதைப்போல் ஒன்றேகால் பங்கு விலை கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

"அவுங்க சொன்ன விலையைக் குடுத்திருப்பாங்க. எம் பையன் பேசி வாங்கினானுங்க."

நரசிம்மலு இதை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். மகனைப் பற்றி அவர் வெளியே சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். சீனிவாசலு தூண் அருகே நின்றிருந்தான். பில்லைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றார் ஏஜெண்ட். பில்லைத் தேட வேண்டும் என்றான் அவன்.

ஏஜெண்ட் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, வீட்டுப் பொருள்களுக்குத் திருட்டு இன்சூரன்சும் எடுத்துவிடலாம் என்றார். நகைகளைச் சேர்க்கலாம், வெள்ளியைச் சேர்க்கலாம். ஒரு கல்யாணத்தில் சின்ன முதலாளி கையில் சுவிஸ் தங்கக் கடிகாரம் பார்த்தேன், அதை விட்டுவைப்பது தப்பு. கடிகாரம் தெரிந்த ஒருவர் மதிப்புப் போட்டு சர்டிபிகேட் கொடுத்தால் போதும்.

"அது வேண்டாங்க. பெட்டியிலதான் கெடக்குது" என்றான் சீனிவாசலு.

"பெட்டியில இருக்கறதைத்தானுங்க தூக்கிட்டுப் போவாங்க."

நரசிம்மலுவுக்கு அது சரியாகப் பட்டது. அப்படியானால் நானே டவுனுக்கு எடுத்துப்போய் மதிப்புப் போட்டு வருகிறேன் என்றான் மகன். நரசிம்மலு மறுத்தார். கடைக்காரன் உள்ளே எடுத்துப் போவான், திரும்ப எதைக் கொண்டு வருவான் என்று யாருக்குத் தெரியும். மதிப்புப் போடுகிறவர் இங்கே வரட்டும்.

மருமகள் கனகம் காபித் தம்ளர்களை எடுக்க வந்தவள் இதையெல்லாம் கேட்டாள். அந்தக் கடிகாரம் அவள் அப்பா கொடுத்தது. போன வருடம் வைகாசியில் உடுமலைப்பேட்டையில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன் பெண்ணின் தம்பி மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்ட வேண்டும். மற்றவர்கள் எவர்சில்வர் கடிகாரம் கட்டுவார்கள். அவள் அப்பா பங்காரு நாயுடு மெட்ராஸ் போய்த் தங்கத்தில் வாங்கி வந்தார். பந்தலில் அதுதான் பேச்சாக இருந்தது.

பங்காருவுக்கு உடுமலையில் ஜின்னிங் பாக்டரி. அவரைப் பற்றி வேறு பேச்சும் உண்டு. பஞ்சுப் பொதியில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர் என்பார்கள். அது பொய் அல்ல. சின்னப் பெண்ணாக இருந்தபோது கனகம் அந்த ஈர வாசனையில் விளையாடியிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து அரங்கசாமி வந்தார். ஒப்பணக்காரத் தெருவில் கடிகாரக் கடை வைத்திருப்பவர். கோட்டு போட்டிருந்தார். வெயிலாக இருக்கிறதே, கோட்டைக் கழற்றிவிடுங்கள் என்று நரசிம்மலு மரியாதையாகச் சொன்னார். கழற்றிய பிறகு சட்டைக் கையையும் மடித்துவிடச் சொன்னார். மேஜையில் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. நரசிம்மலு எதிரில் உட்கார்ந்தார். கனகத்தின் மாமியார் அம்புஜம் இரும்புப் பெட்டியிலிருந்து கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தூசி பறக்கும், மின்விசிறியை நிறுத்துங்கள் என்றார் அரங்கசாமி. நரசிம்மலு அம்புஜத்தைப் பார்த்தார். மின்விசிறி நின்றது. மூவரும் வியர்த்தார்கள்.

சீனிவாசலு பவுண்டரியில் வேலை இருக்கிறது என்று போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றான்.

அரங்கசாமி கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டார். சின்னக் கத்தியின் முனையை விளிம்பில் கொடுத்து நெம்பினார். பின்மூடி கழன்றது.

கனகம் சமையலறைக் கதவருகே நின்றாள். அந்த மூடியின் உள்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். அங்கே 'உ.ப.' என்று இரண்டு எழுத்து இருக்கும். உடுமலை பங்காரு. சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டியபோது அப்பா கடிகாரத்துக்கும் வெட்டச் சொன்னார். மாப்பிள்ளையின் கடிகாரத்தில் பெயர் வெட்டினால் அவர்களை நம்பவில்லை என்று ஆகாதா என்று அம்மா சண்டை போட்டாள். பெயரில்லாத பொருள் கைமாறினால் யாரைப் போய்க் கேட்பாய் என்றார் அப்பா. கடைசியில் கண்ணில் படாத இடத்தில் வெட்டுவது என்று முடிவாயிற்று. மூடியைக் கழற்றிப் பாத்திரக் கடைக்கே கொண்டு போனார்கள். கனகம்தான் மூடியைப் பிடித்துக்கொண்டாள். குண்டாவும் சொம்பும் வெட்டிப் பழகிய கை. கடைசிப் புள்ளியை ஓங்கித் தட்டிவிட்டது. மூடியின் வெளிப்பக்கம் கேழ்வரகு அளவுக்கு ஒரு மேடு எழும்பியது. பார்த்தால் தெரியாது, தடவினால் தெரியும்.

அரங்கசாமி அந்த எழுத்தைப் பற்றிக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். சிரிப்பார்கள். அவமானமாக இருக்கும். மாமா ஒரு வாரம் பேசமாட்டார். அவ்வளவுதான்.

அரங்கசாமி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். மூடியை மறுபடி எடுத்தார்.

"மெஷின் நல்ல மெஷின். உடம்புதான் முலாம்."

நரசிம்மலுவுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். தங்கம் இல்லை, தங்க முலாம் பூசியது என்றார் அரங்கசாமி. இதே கம்பெனி, இதே முகத்தோடு தங்கத்திலும் செய்கிறான், முலாமிலும் செய்கிறான். ஏமாற்று இல்லை. மூடிக்குள் அவனே முத்திரை போட்டிருக்கிறான். வேண்டுமானால் முலாம் என்று எழுதி சர்டிபிகேட் தருகிறேன்.

நரசிம்மலு மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ளே எழுத்து ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள் கனகம்.

வெளியாள் முன்னால் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அம்புஜம் திரும்பிப் பார்த்தாள். கம்பெனி முத்திரையும் நம்பரும்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார் அரங்கசாமி. வாசலில் நின்ற சீனிவாசலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அரங்கசாமி போன பிறகு நரசிம்மலு வெகுநேரம் மேஜையை விட்டு எழவில்லை. வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தால் நரசிம்மலு பவுண்டரியில் பேசுகிற தமிழுக்கு வந்துவிடுவார்.

"கடிகாரக்காரன் மாத்தலை. நான் கண்ணை எடுக்கவே இல்லை" என்றார். பிறகு, "பஞ்சுல தண்ணி. கடிகாரத்துல முலாம்" என்றார்.

மெட்ராஸ் கடைக்காரன் சம்பந்தியை ஏமாற்றியிருக்கலாமே என்று அம்புஜம் மெல்லக் கேட்டுவிட்டு, தானே இல்லையென்று தலையாட்டினாள். பொதியில் கையை விட்டே ஈரம் எவ்வளவு என்று சொல்கிற ஆள். அவரையா ஏமாற்றுவார்கள்.

நரசிம்மலு கடிகாரத்தைக் கனகத்தின் பக்கம் தள்ளினார்.

"உங்கப்பா குடுத்ததை நீயே வெச்சுக்க, அம்மணி."

அவள் எடுத்தாள். ஒரு கணம் அவளும் அப்பாவைச் சந்தேகப்பட்டாள். தங்கத்தைக் காட்டிவிட்டு, பெயர் வெட்டிவிட்டு, பிறகு மாற்றியிருப்பாரோ. அவர் செய்யக்கூடியவர்தான். பெட்டியில் வைப்பதற்கு முன் பெருவிரலால் பின்மூடியைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. அப்போது நினைவு வந்தது. முகூர்த்தம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், கணவன் கழற்றிக் கொடுத்த கடிகாரத்தை இதே போலத் தடவியிருக்கிறாள். அன்று மேடு இருந்தது.

மறுநாள் அம்புஜம் கனகத்தின் நகைகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து, தட்டாசாரியை வரச்சொல்லி உரைத்துப் பார்த்தாள். வளையல், அட்டிகை, ஒட்டியாணம் எல்லாம் சுத்தத் தங்கம். அதனால் அவள் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. நகையில் கையை வைத்தால் உடனே தெரிந்துவிடும், அதனால் அதைச் சரியாகக் கொடுத்துவிட்டு, யாரும் உரைக்காத பொருளில் கையை வைத்திருக்கிறார் என்றாள். ஸ்டோர் ரூம் கதவுக்குப் புதிதாகப் பூட்டு வந்தது.

கனகம் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உடுமலைக்குப் போய்வர வேண்டும் என்று நரசிம்மலு முடிவு செய்தார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. ஆடி முடிந்துவிட்டது. ஆவணியில் எதற்கு வந்தாய் என்று ஊர் கேட்கும். கேட்கட்டும் என்றார். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்புவதில்லை என்பதால் வியாழன் என்று ஆயிற்று.

புதன் மத்தியானம் அவள் மாடி அறையில் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சீனிவாசலு வந்து கதவைச் சாத்தினான்.

"எழுத்து இருக்குதான்னு எதுக்குக் கேட்ட?"

"எங்கூட்டுப் பாத்திரத்துல இருக்கற எழுத்துதானுங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நாந்தான் மூடியைப் புடிச்சுட்டு நின்னேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். பம்பாய்க்காரன் மூடியைத் திறந்து, இது யார் பெயர் என்று கேட்டதைச் சொன்னான். பதில் சொல்ல முடியாமல் நின்றதைச் சொன்னான். திருட்டுப் பொருள் என்று நினைத்து விலையைக் குறைத்துவிட்டானாம். அதைச் சொல்லும்போது அவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"மாப்பிள்ளை வித்துப்போடுவான்னு உங்கப்பனுக்கு அப்பவே தெரியுமாக்கும்?"

"தெரிஞ்சிருக்குதுங்களே."

அவன் மீதியையும் சொன்னான். அப்பா கொடுத்தனுப்பிய பணத்தில் லேத்து வரவில்லை. தந்தி கொடுத்துக் கேட்டால், பேசத் தெரியாதவன் என்று வழக்கமாகச் சொல்வதையே சொல்வார். கடிகாரத்தை விற்றான். அதே தெருவில் முலாம் கடிகாரம் அதே முகத்தோடு இருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டான். ஊர் திரும்பியதும், பேசி வாங்கினேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அப்பா அதை அன்று மாலையே நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அதற்கு மேல் மாற்ற முடியவில்லை.

ஒரு மாதம் உடுமலையில் இரு, அதற்குள் தங்கத்தில் ஒன்று வாங்கிவிடுகிறேன், உங்கள் அப்பாவே மாற்றிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான்.

"அதுவரைக்கும் எங்கப்பா பேரு?"

"பஞ்சுல தண்ணி தெளிக்கறவருதானே. இதுல யாருக்கு என்ன புதுசு?"

அவள் டிரங்குப் பெட்டியை மூடினாள். அவன் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றான். என் அப்பாவிடம் ஏதாவது சொல்லிவைத்திருக்கிறாயா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் நம்பவில்லை. மாலையில் அவள் கிணற்றடிக்குப் போனபோதும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். கணவன் விற்றுவிட்டான் என்று சொன்னால் கணவன் இல்லை என்பான். அப்பா வந்து பெயர் வெட்டினேன் என்று சொன்னால், இப்போது மட்டும் ஏன் சொல்கிறீர் என்பார்கள். அந்த எழுத்து பம்பாயில் யார் கையில் இருக்கிறதோ.

வியாழன் காலை டிரைவர் மயில்சாமி காரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். பாலிசித் தாள்களில் கையெழுத்து வாங்க ஏஜெண்ட் பாலகோபால் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கனகம் மயில்சாமியை அழைத்து, கடைவீதிப் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவரச் சொன்னாள். அவர் வந்தார். வயதானவர். ஒரு தகர டப்பாவில் உளிகளும் ஒரு சின்னச் சுத்தியும் இருந்தன. கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

கனகம் சமையலறையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வந்தாள். அதன் பக்கத்தில் கடிகாரத்தை வைத்தாள்.

"எதுலீங்க வெட்டோணும்?" என்றார் அவர்.

கடிகாரத்தைக் காட்டினாள்.

பெயர் வெட்டுகிறவர் சிரித்தார். ஏஜெண்ட் பேனாவை மூடினார். கிளம்புகிற நேரத்தில் இது என்ன என்று அம்புஜம் தெலுங்கில் கேட்டாள். கனகம் மாமனாரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"எங்கூட்டுல இருந்து வந்த பொருள் எல்லாத்துலயும் எங்கப்பா பேரு இருக்குதுங்க மாமா. கடிகாரத்துலயும் வெட்டினாங்க. பின்மூடிக்கு உள்பக்கமா. நாந்தான் புடிச்சுட்டு நின்னேன். இதுல பேரு இல்லீங்க. அப்ப இது எங்கூட்டுது இல்லீங்க. இந்த ஊட்டுப் பொருளை நான் எப்படிங்க உடுமலைக்குக் கொண்டுட்டுப் போறது? வாங்கினவங்க பேரை வெட்டச் சொல்லுங்க."

சீனிவாசலு தூண் அருகே நின்றிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நரசிம்மலு கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்பிள்ளைக்குக் கட்டற கடிகாரத்துல பேரு வெட்டினாரா உங்கப்பா?"

"வெட்டினாருங்க."

"எங்களை நம்பாம."

"ஆமாங்க."

நரசிம்மலு குனிந்து சொம்பை எடுத்தார். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக இருந்த இரண்டு எழுத்தைத் தடவிப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் நகருகிற சத்தம் கேட்டது. குண்டா, அண்டா, தாம்பாளம். ஒன்றிரண்டு பார்த்துவிட்டுத் திரும்புகிற மனிதர் அல்ல அவர். ஏஜெண்ட் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்புஜம் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

நரசிம்மலு திரும்பி வந்தபோது கையில் ஓர் எண்ணெய்க் கரண்டி இருந்தது. அதன் காம்பிலும் 'உ.ப.' இருந்தது. அவர் கரண்டியைச் சொம்புக்குள் போட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பங்காரு நாயுடுவை முதல் முறையாகப் புரிந்துகொண்டவர் போல இருந்தார். மாப்பிள்ளையை நம்பாமல் பெயர் வெட்டியதாக ஒருவரும் பொய் சொல்லமாட்டார்கள். நரசிம்மலுவிடம் கேட்டிருந்தால் அவரும் வெட்டத்தான் சொல்லியிருப்பார். அந்தக் கடிகாரம் வெளியூர் போனது பம்பாய்க்கு ஒரு முறைதான்.

"லேத்து விலையை எழுதிட்டீங்களா?" என்று ஏஜெண்டைக் கேட்டார்.

இன்னும் எழுதவில்லை, பில் வரவில்லை என்றார் ஏஜெண்ட்.

நரசிம்மலு மகன் பக்கம் திரும்பவில்லை. சொம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"லேத்து என்ன விலைடா?"

சீனிவாசலு கனகத்தைப் பார்த்தான். அவள் படியில் விரித்திருந்த உளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விலையைச் சொன்னான். சிங்காநல்லூர்க்காரர் கொடுத்த அதே விலை.

ஏஜெண்ட் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி நீட்டினார். நரசிம்மலு படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பெட்டியை டிக்கியில் வைத்துவிடட்டுமா என்று மயில்சாமி வாசலிலிருந்து கேட்டார். அம்புஜம் நரசிம்மலுவைப் பார்த்துவிட்டு, மாடிக்குக் கொண்டுபோய் வை என்றாள்.

பெயர் வெட்டுகிறவருக்கு எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை. உளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன பேருங்க வெட்டறது?"

"சீனிவாசலு" என்றார் நரசிம்மலு. "முழுசா வெட்டுங்க. வெளிப்பக்கம், தெரியற மாதிரி."

பெயர் வெட்டுகிறவர் கடிகாரத்தைக் கவிழ்த்து முழங்காலில் வைத்துக்கொண்டார். உளியை நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினார். நிறுத்தினார். குனிந்து பார்த்தார். முலாம் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினார்.

"உள்ளே பித்தளைதானுங்க" என்றார். "நல்லா வெட்ட வரும்."